அரை இஞ்சு வாசர்

காலை பதினொன்றே முக்காலுக்கு எங்கள் குளியலறை டாப்பின் கைப்பிடி வெறுமனே சுற்ற ஆரம்பித்தது. உள்ளே மரை தேய்ந்துவிட்டது. தண்ணீர் நிற்கவில்லை. என் மனைவி ஈரக் கைகளை முன்னால் நீட்டியபடி, எதையும் தொடாமல் நின்று, "இஞ்ச வாருங்க, இது அடைய மாட்டேங்கு" என்றாள். குரலில் அவசரம் இல்லை. அவசரமான விஷயங்களை அவள் அப்படித்தான் சொல்வாள்.

அவளுடைய சிறுநீரகங்கள் செயலிழந்து இரண்டு வருடம் ஆகிறது. வீட்டிலேயே வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்துகொள்கிறாள். தொப்புளுக்குப் பக்கத்தில் பென்சில் பருமனில் ஒரு குழாய். காலை ஆறு, பதினொன்று, மாலை நான்கு, இரவு ஒன்பது. நாளைக்கு நான்கு முறை, வயிற்றில் இருக்கும் இரண்டு லிட்டர் திரவத்தை ஒரு பையில் வடித்துவிட்டு, புதுப் பையிலிருந்து இரண்டு லிட்டரை உள்ளே விட வேண்டும். வீட்டில் இதற்குப் பெயர் பை மாற்றுவது. அன்று பதினொரு மணிப் பை முடிந்த பிறகுதான் டாப் கெட்டது. அரை மணி, ஒரு மணி தள்ளிப் போனால் ஆபத்தில்லை என்று நர்ஸ் சொல்லியிருந்தார். ஆபத்து வேறு இடத்தில் இருந்தது. குழாயின் மூடியைத் திறந்து பையோடு இணைக்கும் அந்தச் சில விநாடிகளில் கையில் கிருமி இருந்தால் அது நேரே வயிற்றுக்குள் போகும். அதனால் ஒவ்வொரு முறையும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு இரண்டு நிமிடம் கை கழுவ வேண்டும். கழுவிய கையால் டாப்பைத் தொடக் கூடாது.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு நாள் மின்சாரம் போய் மோட்டார் ஓடவில்லை. மொட்டை மாடித் தொட்டி காலி. நான் கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் இறைத்து வந்து, மக்கில் எடுத்து அவள் கையில் ஊற்றினேன். மக்கை நான் கழுவினேனா என்பது எனக்கு நினைவில்லை. நான்காம் நாள் வடித்த பை கஞ்சித்தண்ணீர் போலக் கலங்கியிருந்தது. வடித்த பையைச் செய்தித்தாள் மேல் வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். எழுத்துத் தெரிந்தால் நல்லது. அன்று தலைப்புக்கூடத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர், என்ன நடந்தது என்று கேட்டார். "ஒண்ணும் நடக்கல்ல" என்று அவள் சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வாளிக் கதையை நானும் சொல்லவில்லை. இரண்டு வாரம் மருந்து ஏற்றிக் குணமானது. இன்னொரு முறை இப்படி வந்தால் குழாயை எடுத்துவிட வேண்டியிருக்கும், பிறகு வாரத்தில் மூன்று நாள் திருவனந்தபுரம் வந்து மிஷினில் படுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். வெளியே வந்ததும் அவள் சொன்னது ஒரே வாக்கியம்: "வாரத்துக்கு மூணு நாளு ரயிலு ஏறி இறங்க எனக்கு வய்யா."

அவள் வேலை ஜன்னலோரத்து மேஜையில் நடக்கிறது. கேரள எல்லைக்கு இரண்டு பக்கமும் நிலம் உள்ளவர்கள் மலையாளத்தில் எழுதிய பழைய ஆதாரங்களை, அதாவது நிலப் பத்திரங்களை, கொண்டுவருவார்கள். அவற்றைத் தமிழில் பெயர்த்துக் கொடுப்பாள். அவள் குடும்பத்தில் மூன்று தலைமுறை சர்க்கார் குமாஸ்தாக்கள். அந்தக் கையெழுத்துகளைப் படிக்க இப்போது எங்கள் பக்கத்தில் அவளைப் போல வேறு சிலர்தான் உண்டு. பதினொன்றுக்கும் நாலுக்கும் நடுவில் இருக்கும் நேரத்தை அந்தக் குழாய்தான் அவளுக்குக் கொடுத்திருந்தது.

ஆக, டாப். முழங்கையால் தள்ளித் திறந்து மூடும் நீளக் கைப்பிடி டாப் ஒன்றை இரண்டு வாரத்துக்கு முன்பே வாங்கி அலமாரியில் வைத்திருந்தேன். பிளம்பர் நாளை வாறேன், நாளை வாறேன் என்று பதினான்கு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று போன் செய்தேன்.

"அண்ணே, இன்னைக்கு ஹர்த்தாலாக்கும். டூல்ஸும் கொண்டு ரோட்டுல இறங்கினா பிடிச்சு நிறுத்துவாவ. ஆறு மணி கழிஞ்சு வாறேன்."

"நாலு மணிக்குத் தண்ணி வேணும்."

"அப்ப நீங்களே செய்யுங்க. ரெண்டு நட்டுதானே. பெரிய காரியம் ஒண்ணும் இல்ல."

வீட்டில் இன்னொரு ஆள் இருந்தார். ஆரியங்கோட்டில் ரப்பர் வைத்திருக்கும் என் மனைவியின் தம்பி. முந்தின நாள் மாலை பாறசாலைக் கடையில் ரப்பர் ஷீட் விற்க வந்தவர், மறுநாள் ஹர்த்தால் என்று கடைக்காரர் சீக்கிரமே அடைத்துவிட்டதால், ஷீட்டுக் கட்டை எங்கள் கார் ஷெட்டில் இறக்கிவிட்டு இங்கேயே தங்கிவிட்டார். ஐம்பது வயது. எதையும் பழுது பார்த்துவிடலாம் என்ற நம்பிக்கை உள்ளவர். பார்த்த பழுதுகள் பல எங்கள் வீட்டில் இன்னும் இருக்கின்றன.

"அத்தான், ஸ்பேனரை இஞ்ச தாங்க. நீங்க எழுதின கையாக்கும். இதுக்கு முறுக்குத கை வேணும்" என்றார்.

வாஷ்பேசினுக்குக் கீழே, சுவரில் இருந்து ஒரு சிறு வால்வ் நீட்டிக்கொண்டிருக்கும். அதிலிருந்து டாப்பின் அடிப்பகுதிக்கு ஒன்றரை அடி நீளத்தில் வளையும் பைப் ஒன்று போகும். முதலில் சுவர் வால்வை அடைக்க வேண்டும். வீடு கட்டிப் பதினொரு வருடம் ஆகிறது. அந்த வால்வை யாரும் தொட்டதில்லை. மைத்துனர் அதில் தேங்காய் எண்ணெய் விட்டுத் திருகினார். வால்வின் தலை மட்டும் சுற்றியது, உள்ளே எதுவும் நகரவில்லை. வேறு வழியில்லாமல் மொட்டை மாடிக்குப் போய்த் தொட்டியின் பெரிய வால்வை அடைத்தோம். அதோடு வீடு முழுவதும் தண்ணீர் நின்றது: சமையலறை, கழிப்பறை, வெளி டாப், எல்லாம்.

பழைய பைப்பின் கீழ் நட்டை நான்தான் கழற்றினேன். பிளாஸ்டிக் நட்டு. கால் சுற்றுக்குள் அது இரண்டாகப் பிளந்து கையோடு வந்தது. மணி பன்னிரண்டு நாற்பது.

பாறசாலையில் ஒரு கடையும் திறந்திருக்காது. ஆனால் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் களியக்காவிளை. அது தமிழ்நாடு. கேரளத்து ஹர்த்தாலுக்கு அங்கே வேலை இல்லை. இந்தப் பக்கம் அடைப்பு என்றால் எங்கள் ஊர்க்காரர்கள் பால் முதல் பாரசிட்டமால் வரை அங்கே போய் வாங்கித்தான் பழக்கம். பெரிய ரோட்டை விட்டு, ரப்பர் தோட்டத்துக்கு நடுவே போகும் எடவழியில் ஸ்கூட்டரை விட்டேன். பழைய பைப்பை அளவுக்காகக் கால் பக்கத்தில் வைத்திருந்தேன்.

களியக்காவிளை ஹார்டுவேர் கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பாதிப் பேர் எனக்குத் தெரிந்த முகங்கள்.

"வாங்க அண்ணே. அங்க அடைச்சா எங்களுக்கு இஞ்ச ஓணமாக்கும்" என்றார் கடைக்காரர். பழைய பைப்பை விரலால் தூக்கிப் பார்த்தார். "இது செத்தே வருசம் ஆச்சே. இத்தன நாளு பொட்டாம நின்னது உங்க பாக்கியம்."

எஃகு நூல் பின்னிய பைப் ஒன்றை எடுத்துப் போட்டார். ஒன்றரை அடி, இரண்டு முனையிலும் பித்தளை நட்டு, அரை இஞ்சு. பாலிதீன் உறையில் இருந்தது. பிரித்துக் காட்டச் சொன்னேன். பத்திரிகை வேலையில், அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் கண்ணால் பார்த்தே அனுப்பிய பழக்கம். அவர் உறையைக் கிழித்து, மேஜை மேல் பைப்பைப் போட்டு, ஒரு நட்டுக்குள் விரலை விட்டுக் காட்டினார்.

"இதுக்குள்ள கறுப்பா வளையம் கெடக்குல்லா, அதாக்கும் வாசர். வெள்ளத்த நிறுத்துதது அதுதான். மரையில டேப்பு ஒண்ணும் சுத்தாண்டாம். கையால முறுக்கணும், பின்ன ஸ்பேனர் வச்சு அரைச் சுத்து. அதுக்கு மேல பலத்தக் காட்டினா நாளைக்கும் என் கடைக்கு வருவிய."

குறித்துக்கொண்டேன். கையால், பிறகு அரைச் சுற்று. திரும்பும்போது மணி ஒன்று இருபத்தைந்து.

எடவழி எங்கள் பக்கத்து ரோட்டில் சேரும் இடத்தில், போகும்போது இல்லாத நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஐந்து பேர். ஸ்கூட்டரின் முன்பக்கம் நான் வேலையில் இருந்த காலத்தில் ஒட்டிய பத்திரிகை ஸ்டிக்கர் பாதி உரிந்த நிலையில் இருந்தது. ஹர்த்தாலில் பாலுக்கும் பத்திரிகைக்கும் ஆஸ்பத்திரிக்கும் விலக்கு உண்டு. ஒருவன் ஸ்டிக்கரைப் பார்த்தான், பிறகு என் கால் பக்கத்தைப் பார்த்தான்.

"பத்திரமானோ?" பத்திரிகையா என்று கேட்டான்.

"இல்ல. ஓய்வாயி."

"பின்னே எவிடெ போயதா?"

"பைப்பு வாங்கான்" என்றேன்.

"ஹர்த்தாலினோ பைப்பு?" மற்றவர்கள் சிரித்தார்கள். ஒருவன் புதுப் பைப்பை எடுத்தான். வளைத்துப் பார்த்தான். அடுத்தவனிடம் கொடுத்தான். அவன் அதை ஒரு கண்ணில் வைத்து மறு கண்ணை மூடிக்கொண்டு ரோட்டைப் பார்த்தான். "எலே, கடல் தெரியுது" என்றான் தமிழில். மூன்றாமவன் ஸ்டெதாஸ்கோப் போலக் கழுத்தில் போட்டுக்கொண்டான். நான் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே, என் மனைவிக்கு வயிற்றில் டயாலிசிஸ், கை கழுவும் டாப், நாலு மணிக்குத் தண்ணீர் வேண்டும் என்று சொன்னேன். செய்தி எழுதுவது போல நான்கு வரியில் சொல்லிவிட்டேன். யாரும் நம்பியது போலத் தெரியவில்லை. நாற்காலியில் இருந்து எழுந்திருக்காத வயதானவர் மட்டும், "கொடுத்து விடுங்கலே. பொய் சொல்லுதவன் இதவிட நல்ல பொய் சொல்லுவான்" என்றார்.

பைப் திரும்பி வந்தது. நான் அதை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினேன். வீட்டுக்கு வரும்போது இரண்டு மணி.

அவள் ஆதாரத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கிட்டிச்சா?" என்றாள். "கிட்டிச்சு" என்றேன். மேஜையில் கடிகாரத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். வழக்கமாக அது சுவரைப் பார்த்திருக்கும்.

புது டாப்பைப் பேசினில் பொருத்தி, பைப்பின் மேல் முனையைக் கையால் முறுக்கி, அரைச் சுற்று. கீழ் முனையைச் சுவர் வால்வில் ஏற்றி, கையால் முறுக்கி, அரைச் சுற்று. மல்லாக்கப் படுத்து, முகத்தில் துரு விழ, இதற்கே முக்கால் மணி நேரம் ஆனது. மைத்துனர் மாடிக்குப் போனார். மாடியில் பேசுவது குளியலறைக்குக் கேட்காது. நடுவில் படுக்கையறை ஜன்னலில் அவள் இருந்தாள். அங்கிருந்து இரண்டும் கேட்கும். அவளே இரு பக்கமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"தொறக்கட்டா எண்ணு கேக்கான்."

"திறக்கச் சொல்லு."

"தொறலே மக்கா. பையப் பைய தொற."

பைப் ஒரு முறை உதறியது. கீழ் நட்டைச் சுற்றித் தண்ணீர் விசிறி போல அடித்தது. என் கண்ணாடி, சட்டை, எதிர்ச் சுவர் எல்லாம் நனைந்தன.

"அடை!"

"அடைலே!"

கடைக்காரர் சொன்னதை மீறி இன்னொரு அரைச் சுற்று முறுக்கினேன். திறந்தோம். அதே விசிறி. மறுபடி அடைத்து, நட்டைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தேன். நட்டுக்குள் வளையம் இல்லை. வெறும் பித்தளை.

கடையில் இரண்டு முனையிலும் வாசர் இருந்ததா? ஒரு முனையில் அவர் விரலை விட்டுக் காட்டியதைப் பார்த்தேன். மறுமுனையைப் பார்த்தேனா, பார்த்ததாக எடுத்துக்கொண்டேனா? நான் பிரிக்கச் சொன்னபோது கடை மேஜையில் விழுந்திருக்கலாம். அந்த ஐந்து பேரின் கைகளில் இருந்து ரோட்டில் விழுந்திருக்கலாம். என் இடுப்பில் இருந்து விழுந்திருக்கலாம். இருபத்தாறு வருடம் மற்றவர்களின் செய்தியில் இந்தக் கேள்வியை நான் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்: நேரில் பார்த்தீர்களா? மக்கை நினைத்துக்கொண்டேன்.

மணி மூன்று ஐந்து. பழைய பைப்பின் நட்டில் இருந்த வாசரை ஊசியால் நெம்பினேன். பதினொரு வருடத்தில் கருப்பட்டி போல இறுகியிருந்தது. மூன்று துண்டாக வந்தது.

மைத்துனர் மாடியில் இருந்து இறங்கி வந்து, நட்டை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது.

"இவ்வளவுதானா? அத்தான், ரப்பர் வளையம்தானே? கார் ஷெட்டுல ஒரு கட்டு ரப்பர் கெடக்கு, நாம இஞ்ச ரப்பருக்குக் கரையுதோம்!"

"அது ஷீட்டு இல்லியா?"

"ரப்பருக்கு ரப்பருதானே. கடையில விக்குத வாசரும் நம்ம மரத்துல இருந்து போனதாக்கும்."

எனக்கு அந்த வாதத்தில் குறை தெரியவில்லை. நேரமும் இல்லை. அவர் புகை மணக்கும் ஒரு ஷீட்டின் ஓரத்தை வெட்டி, நாணயத்தை வைத்து வட்டம் வரைந்து, கத்தரியால் நறுக்கி, நடுவில் ஆணியைச் சுடவைத்துத் துளை போட்டார். தேன் நிறத்தில் அழகான வளையம். நட்டுக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. கையால் முறுக்கி, அரைச் சுற்று.

"தொறக்கட்டா எண்ணு கேக்கான்."

"திற."

ஒரு சொட்டு இல்லை. நட்டைச் சுற்றி விரலால் தடவினேன். உலர்ந்திருந்தது. நீளக் கைப்பிடியை முழங்கையால் தள்ளினேன். தண்ணீர் தடிமனாக, சத்தமாக விழுந்தது. மைத்துனர் மாடிப்படியில் இரண்டிரண்டாக இறங்கி வந்து, பேசினுக்குக் கீழே குனிந்து பார்த்து, "கண்டியா அக்கா! ஆரியங்கோடு வாசர்!" என்று உரக்கச் சொன்னார்.

அவள் தன் மேஜையைத் துடைத்து முடித்திருந்தாள். ஆதாரங்களைக் கட்டி வைத்து, ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தினாள். நாலு மணிக்குரிய பையை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணி மூன்று முப்பது.

மூன்று நாற்பதுக்குக் குளியலறைத் தரையைத் துடைக்கப் போனவன், டாப்பைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் மெலிந்து நூலாக வந்தது. கீழே பார்த்தேன். நட்டின் விளிம்பில் தேன் நிறத்தில் ஏதோ பிதுங்கிக்கொண்டிருந்தது, ஓரத்தில் சொட்டு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொட்டுகள் சேர்ந்து ஒழுக்காயின.

"அடைக்கச் சொல்லு" என்றேன்.

"மக்கா, அடை" என்றாள். மைத்துனர் மறுபடி மாடிக்கு ஓடினார்.

கழற்றினேன். ஷீட் என்பது ரப்பர் பாலை உறையவைத்துப் புகை போட்ட பச்சை ரப்பர்தான். கடை வாசரைப் போலக் கந்தகம் சேர்த்து வேகவைத்தது அல்ல. இறுக்கினால் இறுகுவதற்குப் பதில் பிசைந்த மாவு போல விலகிப் போகும். பாதி வெளியே பிதுங்கி, பாதி உள்ளே போய்த் துவாரத்தை அடைத்திருந்தது. இதை முப்பது வருடமாக ரப்பர் வெட்டும் ஒரு மனிதரும், அதே ரப்பரைப் பற்றி எண்ணற்ற செய்திகளைத் திருத்திய ஒரு மனிதரும் அன்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

மைத்துனர் அந்தப் பிண்டத்தை விரலில் உருட்டியபடி நின்றார். "கொஞ்சம் தடியா வெட்டி..." என்று ஆரம்பித்தார்.

"வேண்டாம்."

மூன்று ஐம்பது. என் மனதில் வாளி வந்தது. தொட்டியில் தண்ணீர் இருக்கிறது. மாடியிலேயே ஒரு வாளி பிடித்து, புது மக்கைக் கொதிநீரில் கழுவி ஊற்றலாம். சமையலறை டாப்புக்காகத் தொட்டி வால்வைத் திறந்தால் இந்த அடைக்க முடியாத வால்வ் வழியாகக் குளியலறையில் வெள்ளம் கொட்டும். அதைத் துணி வைத்து யாராவது பிடித்துக்கொண்டிருக்கலாம். கழுவிய கையோடு அவள் இரண்டு கதவும் ஒரு திரையும் கடந்து நடக்க வேண்டியிருக்கும். எந்த வழியிலும் நடுவில் என் கை இருந்தது.

"வாளியில..." என்றேன்.

"வாளி வேண்டாம்" என்று படுக்கையறையிலிருந்து சொன்னாள். அந்த மூன்று மாதத்தில் அதைப் பற்றி அவள் சொன்ன ஒரே வார்த்தை அது. அவளுக்குத் தெரிந்திருந்தது. எப்போதும் தெரிந்திருந்தது.

மைத்துனர் அந்தப் பிண்டத்தைக் குப்பையில் போட்டார். பிறகு அவள், "அந்த நட்டு அரை இஞ்சா?" என்று கேட்டாள்.

"அரை இஞ்சு."

"கக்கூஸ் பக்கத்துல தொங்குத பைப்பு என்ன அளவு?"

அதே குளியலறையில், கழிப்பறைப் பீங்கானுக்குப் பக்கத்தில் கழுவிக்கொள்வதற்கான கைப்பீச்சி, ஹெல்த் பாசெட், தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் ஒரு வளையும் பைப். அதற்கும் ஒரு பித்தளை நட்டு. சென்ற வருடம்தான் மாற்றியது. நான் அதற்குக் கீழேதான் இரண்டு மணி நேரமாகப் படுத்திருந்தேன். என் தலை அதில் இரண்டு முறை இடித்திருந்தது.

மைத்துனருக்கு முகம் மாறியது. "அய்யே அக்கா! கக்கூஸ்ல உள்ளதையா? நீ கை கழுவுத வெள்ளம் அதுவழியாட்டா வரணும்?"

"அதுக்குள்ளயும் அதே தொட்டி வெள்ளந்தாம்ல ஓடுது."

"ஆனாலும்..."

"உன் ஷீட்ட மிதிச்சுக் கழுவினது பன்னீருலயா?"

அவர் ஸ்பேனரை என்னிடம் நீட்டினார். ஆனால் அவர் கேட்ட கேள்வி எனக்குள்ளும் போய்விட்டது. எங்கள் வீட்டில் கழிப்பறைச் சாமான் எதுவும் வேறு எதற்கும் பயன்பட்டதில்லை. அங்கே பயன்படும் துடைப்பம்கூடத் தனி ஆணியில் தொங்கும். அது சுத்தம். அவளுக்கு வேண்டியது வேறு சுத்தம். இரண்டும் ஒன்றல்ல என்று அறிவுக்குத் தெரிந்தது. கைக்குத் தெரியவில்லை. நட்டைக் கழற்றும்போது என் விரல் தயங்கியதை நான் கவனித்தேன்.

வாசர் முழுசாக, மிருதுவாக வந்தது. அவள் கதவருகே வந்து நின்று, எப்படிச் செய்ய வேண்டும் என்று சொன்னாள். சோப்பு. பிறகு அவள் கைக்குப் பயன்படுத்தும் ஸ்பிரிட்டில் ஐந்து நிமிடம் ஊறப்போடுவது. ஐந்து நிமிடத்தைக் கடிகாரம் பார்த்து எண்ணினோம், மூன்று பேரும், ஒரு சின்னக் கிண்ணத்தைச் சுற்றி நின்றபடி. நட்டுக்குள் அதை வைத்து ஆணியால் அழுத்தினேன். கையால் முறுக்கினேன். அரைச் சுற்று. அதற்கு மேல் ஒரு மயிரிழைகூட இல்லை. மைத்துனர் மாடிக்கும் அவள் ஜன்னலுக்கும் போனார்கள்.

"தொறக்கட்டா எண்ணு கேக்கான்."

"திற."

நட்டை டார்ச் அடித்துப் பார்த்தேன். பத்து நிமிடம் பார்த்தேன். செய்தித்தாள் துண்டை நட்டைச் சுற்றி ஒட்டி வைத்து, அது நனைகிறதா என்று பார்த்தேன். நனையவில்லை. டாப்பை ஓடவிட்டு வாளி நிறையும் வரை காத்திருந்தேன். துரு நிறம் போய்த் தெளிந்தது. பிறகு மூன்று பேர் மிதித்த தரையைக் கழுவி உலர்த்தி, நானும் கை கழுவி, கதவுப் பிடிகளை ஸ்பிரிட்டால் துடைத்தேன்.

நாலு நாற்பதுக்கு அவள் முகக்கவசம் கட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். முழங்கையால் கைப்பிடியைத் தள்ளினாள். தண்ணீர் வந்தது. சோப்பு, உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, பெருவிரல், நகம், மணிக்கட்டு. இரண்டு நிமிடம். முழங்கையால் அடைத்தாள். ஒரு சொட்டும் விழவில்லை. என்னைப் பார்க்காமல் கடந்து போய் அறைக் கதவைத் தோளால் சாத்திக்கொண்டாள்.

அரை மணி நேரம் கழித்துக் கதவு திறந்தபோது, வடித்த பை தெளிவாக இருந்தது. அது ஒன்றையும் நிரூபிக்காது. அது பதினொரு மணிக்கு உள்ளே போன திரவம். நாலு நாற்பதின் கணக்கு இனிமேல்தான் ஆரம்பம்.

ஆறு மணிக்குப் பிளம்பர் வந்தார். நட்டைத் தொட்டுப் பார்த்தார். "கொள்ளாமே. ஆரு செய்தது?" என்று மெச்சினார். மைத்துனர் என்னைக் காட்டினார். வாசர் எங்கிருந்து வந்தது என்று இருவரும் சொல்லவில்லை. பிளம்பர் தன் பையில் இருந்து புது வாசர் ஒன்றை எடுத்து நீட்டினார். "மாத்தி விடட்டா?"

அவள் அறையிலிருந்து சொன்னாள்: "சொட்டாததத் தொடாண்டாம். அதக் கக்கூஸ் பைப்புல போடுங்க."

அவர் புது வாசரைக் கழிப்பறைப் பைப்பில் போட்டுவிட்டுப் போனார்.

அடுத்த நாட்களில் ஒவ்வொரு பையையும் செய்தித்தாள் மேல் நான்தான் வைத்தேன். முன்பு அதை அவளே செய்வாள். முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள். தலைப்புகள் தெரிந்தன, செய்தி தெரிந்தது. அவள் தன் ஆதாரங்களைப் பெயர்த்துக்கொண்டிருந்தாள். மைத்துனர் மட்டும் ஆரியங்கோட்டில் இருந்து காலையும் மாலையும் போன் செய்தார். "அத்தான், வாசிச்சியளா?" வேறு எதுவும் கேட்கமாட்டார்.

முன்பு கலங்கியது நான்காம் நாள், காலைப் பையில். நான்காம் நாள் காலை ஆறரைக்குப் பையை மேஜைக்குக் கொண்டுவந்தேன். இரண்டு லிட்டர், உடல் சூட்டோடு, கையில் கனமாக இருந்தது. அன்றைய பேப்பரில் எழுத்து மிகச் சிறியதாக இருந்த இடத்தைத் தேடினேன். ரப்பர் விலைப் பட்டியல். அதன் மேல் பையை வைத்தேன். ஜன்னலைத் திறந்து வெளிச்சத்துக்குத் திருப்பினேன். முதல் வரி, இரண்டாம் வரி. புள்ளிகள் தெரிந்தன. கோடுகள் தெரிந்தன. கடைசி வரி வரை வாசித்துவிட்டு, மேலிருந்து மறுபடியும் ஆரம்பித்தேன்.

அவள் கட்டிலில் உட்கார்ந்து குழாயை உடலோடு சேர்த்து ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணைக்கு அந்த மக்க நான் கழுவினேனா எண்ணு எனக்கு ஓர்மை இல்ல" என்றேன்.

பிளாஸ்திரியின் கடைசி மூலையைப் பெருவிரலால் அழுத்தி முடித்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"வாசிச்சாச்சா?"

"ஆச்சு."

"எல்லா எழுத்தும் தெரியுதா?"

"தெரியுது."

"அப்ப கொண்டு கொட்டுங்க. அந்த பேப்பரு எனக்கு வேணும், நான் இன்னும் வாசிக்கல்ல."